ஆளுநர் ஓஸ்த்ரா எப்போது சாப்பிடுவாள்?

நியூயார்க்
1986 பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா வெர்னாவுக்கு,

டேல் எழுதுகிறேன். என் வயிற்றைத் தவிர மற்றபடி நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உட்காரச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்கிறாயா, இல்லை பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னும் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் இருக்கிறாயா? அயோவா முழுக்கப் பனி என்று ரேடியோவில் சொன்னார்கள். வாசலை நீயே வாரிக் கொட்டிக்கொண்டிருக்காதே.

நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு இந்தத் தடவையும் நான் வரவில்லை என்று கோபம் இருக்கும். வேலை கழுத்தை நெரித்தது. என்ன வேலை என்று இதோடு வரும் காமிக்ஸ் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் நீ. அதனால் முதல் பிரதி உனக்கு.

'பன்னிரு நிலவுகள்' படம் மூன்றும் வந்து முடிந்துவிட்டன. கடைசிப் படத்தில் இருட்சக்கரவர்த்தியையும் கொன்றுவிட்டார்கள். ஆனால் படம் முடிந்தது என்பதற்காகக் காமிக்ஸும் பொம்மையும் முடிந்துவிட முடியுமா? எங்களுக்கு ஒரு புது வில்லன் வேண்டும். படக் கம்பெனிக்காரர்களோ பெரிய ஆட்களைத் தொடாதே, பின்னால் நிற்கிறவர்களில் யாரையாவது எடுத்துக்கொள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது படத்தில் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு பெண் இடுப்பில் சாவிக்கொத்தோடு கண்ணிமைக்கிற நேரம் நிற்கிறாள். பெயர் இல்லை, வசனம் இல்லை. அவளை எடுத்துக்கொண்டேன். ஓஸ்த்ரா என்று பெயர் வைத்தேன். ஒன்பதாம் நிலவின் ஆளுநர். எங்கு பார்த்தாலும் பனி, ஒரே ஒரு தானியக் கிடங்கு, அதன் சாவி அவள் இடுப்பில். கைதிகளும் வீரர்களும் கிண்ணத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். அகப்பையால் பானை மூடியை இரண்டு தட்டுத் தட்டினால் நிலவே மூச்சை அடக்கிக்கொள்ளும். யாராவது நடுவில் வாயைத் திறந்தால், "நான் இன்னும் பேசி முடிக்கல" என்பாள். அவ்வளவுதான், தீர்ந்தான்.

ஆச்சரியம் என்னவென்றால் அவளுக்கு வசனம் எழுத நான் யோசிக்கவே வேண்டியதில்லை. பேனாவைத் திறந்தால் தானாக வந்து திட்டுகிறாள். எங்கிருந்து வந்தாள் என்று எனக்கே தெரியவில்லை. படித்துவிட்டு எழுது.

உன் தம்பி,
டேல்


சீடர் ராப்பிட்ஸ்
மார்ச் 2

அன்புள்ள டேலுக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் நலம். அது எப்போது நலம் என்று அதுதான் முடிவு செய்கிறது. உன் வயிற்றுக்குக் காபிதான் சத்துரு. குறைத்துக்கொள். இதோடு நான் சுட்ட கொலாச் பன் அனுப்பியிருக்கிறேன். பாதி கசகசா வைத்தது, பாதி உலர்ந்த பிளம் வைத்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டிருக்காதே, உனக்கென்று நாலு எடுத்து வை.

புத்தகத்தைப் படித்தேன். சமையலறையில் என்னோடு வேலை பார்க்கும் போனியும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல வெர்னா, நீ அந்த அகப்பையைக் கீழ வை" என்றாள்.

உன் ஹீரோ ஜாரக் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் மட்டும்தான். விண்கலத்தை ஓட்டத் தெரிகிறது, சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவத் தெரியவில்லை. அந்த ஓஸ்த்ரா தேவலை. அந்த நிலவில் மூளையுள்ள ஒரே ஆள் அவள்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அத்தனை பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால் கஞ்சி ஆறிப்போகும். இரண்டு வரிசையாகப் பிரிக்கச் சொல்.

இந்த வருடம் நன்றி நாளுக்காவது வருவாயா? வான்கோழி வாங்குவதா வேண்டாமா என்று தெரிய வேண்டும்.

உன் அக்கா,
வெர்னா


நியூயார்க்
ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். கொலாச் பெட்டியைத் திறந்ததும் எடிட்டர் ஹாலிஸ் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். படம் வரையும் ஓர்லாண்டோ உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தயார் என்று சொல்லச் சொன்னான். வயது இருபத்தாறு. யோசித்துச் சொல்.

ஓஸ்த்ராவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் அக்கா! மூட்டை மூட்டையாகத் தபால் வருகிறது. ஜாரக் பிழைப்பானா மாட்டானா என்று ஒருவரும் கேட்பதில்லை. கான்சாஸில் ஒரு கல்லூரியில் பெண்கள் அவளுக்கு மன்றமே வைத்துவிட்டார்கள், இடுப்பில் சாவி மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்களாம். வரிசையை இரண்டாகப் பிரித்தாகிவிட்டது, உன் யோசனைதான்.

எங்கள் கடிதப் பக்கத்தில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. கதையில் பிழை கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது ஏன் பிழையே இல்லை என்பதற்கும் வாசகரே ஒரு காரணம் கட்டிச் சொல்ல வேண்டும். காரணம் பிடித்துவிட்டால் ஒரு தகர நட்சத்திரம் அனுப்புவோம். காசுக்குப் பெறாத சாமான், அதற்காக மனிதர்கள் உயிரை விடுகிறார்கள். போன இதழில் ஓர்லாண்டோ சாவிக்கொத்தை இடது பக்கம் வரைந்துவிட்டான். வலது இடுப்பில் சுளுக்கு என்று ஒரு பல் டாக்டர் எழுதி நட்சத்திரம் வாங்கிவிட்டார். இனி அவளுக்குச் சுளுக்கு இருந்தது என்பதும் சரித்திரம்.

பெரிய செய்தி: பொம்மைக் கம்பெனி அவளைப் பொம்மையாகச் செய்யப் போகிறது! விரல் நீளத்தில் ஓஸ்த்ரா. நான் எழுதிய ஒருத்தி கடையில் தொங்கப் போகிறாள்.

நன்றி நாளைப் பற்றி இப்போதே எப்படிச் சொல்வது, பார்க்கலாம்.

உன் தம்பி,
டேல்


சீடர் ராப்பிட்ஸ்
மே 11

அன்புள்ள டேலுக்கு,

நலம். உன் வயிறு என்ன சொல்கிறது? ஓர்லாண்டோவிடம் மாப்பிள்ளைக்குப் பாத்திரம் கழுவத் தெரியுமா என்று கேட்டுச் சொல்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொஞ்ச நாளாக என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார்கள். நான் கேட்காமலே கிண்ணத்தைக் கொண்டுவந்து கவிழ்க்கிறார்கள். தலைமையாசிரியர் என்னைத் தாண்டிப் போகும்போது இருமுகிறார். வேலை சுலபமாகிவிட்டது, அதனால் நான் காரணம் கேட்கவில்லை.

நாலாம் இதழைப் படித்தேன். கிடங்கைப் பூட்டி வைத்திருக்கிறாள், கொடுமைக்காரி என்று ஜாரக் பக்கம் பக்கமாகக் கத்துகிறான். உள்ளே எத்தனை மூட்டை இருக்கிறது, வசந்தம் வர எத்தனை நாள் இருக்கிறது என்று ஒருவனாவது எட்டிப் பார்த்தானா? அப்பா வேலை பார்த்த இறைச்சி ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ சின்னப் பையன். நிலவறையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான் இருந்தன. நிலவறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஏப்ரனில் குத்தி வைத்துக்கொண்டேன். நீ என்னைச் சூனியக்காரி என்றாய். இரண்டாவது கிழங்கு வேண்டும் என்று மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு அழுவாய். பிறகு கொடுத்துவிடுவேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், பூட்டுப் போடுகிறவளுக்கும் ஒரு கணக்கு இருக்கும். அவ்வளவுதான்.

உன் அக்கா,
வெர்னா


நியூயார்க்
ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லை. வலிக்கிறது என்று அர்த்தமா?

நிலவறை விஷயம் பிரமாதம்! அப்படியே ஆறாம் இதழில் போட்டுவிட்டேன். மேசைக்கு அடியில் படுத்து அழுகிற கைதி ஒருவன், ஓஸ்த்ரா இரண்டாவது கிழங்கை வீசி எறிகிறாள். ஹாலிஸ் அம்மா மெச்சினார். இந்த மாதிரி இன்னும் ஏதாவது நினைவு வந்தால் எழுது.

இப்போது கேள், இங்கே ஒரு கலவரம் நடக்கிறது. நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பஸ் டிரைவர் எழுதியிருக்கிறார். இதுவரை வந்த எந்த இதழிலும் ஓஸ்த்ரா ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லையாம். எல்லாருக்கும் ஊற்றுகிறாள், அவள் கிண்ணம் எங்கே என்று கேட்கிறார். நாங்கள் எல்லா இதழ்களையும் புரட்டிப் பார்த்தோம். உண்மைதான்! நான் எழுதவே இல்லை, ஓர்லாண்டோ வரையவே இல்லை. ஏன் என்று ஹாலிஸ் அம்மா கேட்டார். எனக்கு அவள் சாப்பிடுகிற மாதிரி மனக்கண்ணில் வரவே மாட்டேன் என்கிறது, அதுதான் நிஜம். அதைச் சொன்னால் வேலை போய்விடும்.

ஆளுக்கொரு காரணம் எழுதுகிறார்கள். விஷத்துக்குப் பயப்படுகிறாள் என்கிறார் ஒருவர். ஆவி என்கிறார் இன்னொருவர். ஆனால் என் யோசனைதான் ஜெயித்தது: அவள் மனுஷியே இல்லை, எந்திரம்! கடைசி இதழில் ஜாரக் அவள் அங்கியைக் கிழிக்கிறான், நெஞ்சுக்குள் பல்சக்கரங்கள். அதனால்தான் இரக்கமே இல்லை. பொம்மைக் கம்பெனிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். முதுகில் ஒரு பொத்தானை அழுத்தினால் நெஞ்சு திறந்துகொள்ளும், உள்ளே சக்கரம் தெரியும். ஆகஸ்டு கடைசிக்குள் பொம்மையின் வார்ப்பு அச்சை முடிவு செய்கிறார்கள்.

எப்படி இருக்கிறது? உன் கருத்துதான் எனக்கு முக்கியம். உடனே எழுது.

உன் தம்பி,
டேல்


நியூயார்க்
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன ஞாயிறு போன் செய்தேன். "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டாய். அதற்கு முந்தின ஞாயிறும் பால்தான் இருந்தது.

முழங்கால் பிரச்சினையா? என்மேல் ஏதாவது கோபமா? நன்றி நாள் விஷயம் என்றால், நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். நீ எழுதாமல் இருந்தால் எனக்குக் கையே ஓடவில்லை. கடைசி இதழை எழுத உட்கார்ந்தால் ஓஸ்த்ராவும் பேசமாட்டேன் என்கிறாள்.

உன் தம்பி,
டேல்


சீடர் ராப்பிட்ஸ்
ஆகஸ்டு 10

அன்புள்ள டேலுக்கு,

நலம். வெயில் கொளுத்துகிறது. மாவட்டக் கண்காட்சியில் என் வெள்ளரி ஊறுகாய்க்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வழக்கம்போல நடுவரின் மைத்துனிக்கு.

எந்திரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வைத்துக்கொள். உன் கதை. பொத்தானும் சக்கரமும் இருந்தால் பிள்ளைகள் விரும்பி வாங்கும்.

பஸ் டிரைவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவள் சாப்பிடுகிறாள். நீங்கள் படத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறீர்கள், அதுதான் விஷயம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போய், விளக்கை ஒவ்வொன்றாக அணைத்து, கிண்ணமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அடுப்புப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல். பானை அடியில் ஏதாவது ஒட்டியிருந்தால் கரண்டியால் சுரண்டி, நின்றபடியே சாப்பிடுவாள். ஒட்டாத நாளில் வெந்நீர் குடிப்பாள். இரண்டாவது கிழங்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

காபியைக் குறை.

வெர்னா


நியூயார்க்
ஆகஸ்டு 16

என் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மேசைமேல் இருக்கிறது. நான் காபி குடிக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வார்த்தை எழுதிப் பிழைக்கிறவன் நான். இத்தனை மாதமாக அவள் எங்கிருந்து வந்தாள் என்று உன்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீ சாப்பிடுகிற மாதிரி எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒரு காட்சிகூட வரவில்லை அக்கா. உன் முதுகுதான் வருகிறது. அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிற முதுகு.

நேற்று பொம்மைக் கம்பெனியோடு கூட்டம். அவர்கள் நெஞ்சு திறக்கிற மாதிரிப் பொம்மையை மெழுகில் செய்து கொண்டுவந்திருந்தார்கள். பொத்தானை அழுத்திக் காட்டினார்கள், டக்கென்று திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் அதைக் கையால் மூடினேன்.

"அவ எந்திரம் இல்ல" என்றேன்.

மேலாளர் சிரித்தார். "நீதானேப்பா எந்திரம்னே? இப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவ பசியில என் வயிறு நெறைஞ்சிருக்கு."

ஹாலிஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு சக்கரமெல்லாம் வேண்டாம், என் எழுத்தாளன் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். பெரிய சண்டை. பொத்தானை எடுத்துவிட்டால் பொம்மை கையில் வேறு என்ன கொடுப்பது என்று மேலாளர் குதித்தார். கிண்ணமும் கரண்டியும் கொடுங்கள் என்றேன். அது மலிவு என்பதால் ஒத்துக்கொண்டார். உட்கார்கிற மாதிரி செய்யச் சொல்லிக் கெஞ்சினேன், அதற்கு மட்டும் மசியவில்லை. அங்கி கெட்டி பிளாஸ்டிக்காம், நிற்கத்தான் முடியுமாம்.

கடைசி இதழை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஓர்லாண்டோ வரைந்து முடித்ததும், அச்சுக்குப் போவதற்கு முன் உனக்கு அனுப்புகிறேன். நீ சரி என்றால்தான் அது போகும்.

நன்றி நாளுக்கு வருகிறேன். 'பார்க்கலாம்' என்று இல்லை. வருகிறேன். வான்கோழியை வாங்காதே, நான் வாங்கி வருகிறேன். சமைக்கப் போவதும் நான்தான்.

உன் டேல்


சீடர் ராப்பிட்ஸ்
அக்டோபர் 5

அன்புள்ள டேலுக்கு,

நானும் முழங்காலும் நலம். நீ சமைக்கப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து போனி தீயணைப்பு நிலையத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பக்கங்கள் வந்தன. ஜாரக் பழிவாங்குவதற்காகக் கத்தியோடு கிடங்குக்கு வருகிறான். கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறான், அவள் பானையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறான். "உக்காருங்க" என்கிறான். அவள், "நான் இன்னும் பேசி முடிக்கல" என்கிறாள். "சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்கிறான். அவள் உட்காருகிறாள். போனி அழுதாள். நான் அழவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நிறைய வெங்காயம்.

சரி, அனுப்பு. ஆனால் ஒரு பிழை இருக்கிறது. நீ பார்த்த மாப்பிள்ளைப் பையன் ஓர்லாண்டோ அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் வரைந்திருக்கிறான். திருத்தாதே. காரணம் நான் சொல்கிறேன்: நாலாவது காலை அந்தக் குளிர்காலத்தில் அடுப்பில் வைத்துவிட்டாள். வேறு எதை வைத்துக் கஞ்சி காய்ச்சினாள் என்று நினைத்தாய்? தகர நட்சத்திரத்தை அனுப்பிவிடு.

இன்னொன்று. முதல் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போனிக்குத் தெரியும், தலைமையாசிரியருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். இந்த நாட்டிலேயே தெரியாத ஒரே ஆள் அதை எழுதியவன்தான். நான் அதற்குக் கோபப்படவில்லை. எனக்கு அந்த அகப்பைத் தட்டல் ரொம்பப் பெருமையாகத்தான் இருந்தது. சக்கரம் என்று நீ எழுதியபோதுதான் கொஞ்சம் வலித்தது. இப்போது இல்லை.

தேதி மாறாமல் வந்து சேர்.

உன் அக்கா,
வெர்னா


நியூயார்க்
டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். விரலில் சூடு பட்ட இடம் ஆறிவிட்டது. வான்கோழியின் ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை என்று போனி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். நீ ஐந்து தடவை எழுந்திருக்கப் பார்த்தாய், ஐந்து தடவையும் உன் அகப்பையாலேயே மேசையைத் தட்டி உட்கார வைத்தேன். நீயும் உட்கார்ந்தாயே! கரிந்த பக்கத்தை நீ தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது கண்ணை மூடினால் முதுகு வரவில்லை, முகம் வருகிறது. வாயில் வான்கோழியை வைத்துக்கொண்டு, "உப்பு பத்தல" என்கிற முகம்.

இதோடு இரண்டு சாமான். ஒன்று உன் தகர நட்சத்திரம். மூன்று கால் நாற்காலியை யாரும் மிஞ்ச முடியாது, முறையாக ஜெயித்திருக்கிறாய்.

இன்னொன்று பொம்மை. அச்சிலிருந்து வந்த முதல் ஓஸ்த்ரா. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் கிண்ணம், கரண்டி, சாவி எல்லாம் சேர்ந்திருக்கிறது. அக்கா, தயவுசெய்து கேள்: கூட்டைப் பிரித்துவிடாதே. இந்தப் பொம்மை சேர்க்கிறவர்கள் உலகமே தனி. பிரிக்காத பொம்மைக்குத்தான் மதிப்பு, அட்டை முனை மடங்கினால்கூடத் துக்கம் விசாரிப்பார்கள். முதல் பொம்மை என்பதால் இது பின்னாளில் தங்கம். அப்படியே சுவரில் மாட்டி வை. கையில் எடுத்து விளையாடவென்று வேறொன்று பிறகு அனுப்புகிறேன்.

உன் தம்பி,
டேல்


சீடர் ராப்பிட்ஸ்
டிசம்பர் 14

அன்புள்ள டேலுக்கு,

நலம். பனி விழ ஆரம்பித்துவிட்டது. வாசலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து வாரிவிட்டுப் போகிறார்கள், நான் சொல்லாமலே. ஆளுநராக இருப்பதில் சில வசதிகள் இருக்கின்றன. தகர நட்சத்திரத்தை ஏப்ரனில் குத்திக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன், முன்பு சாவி குத்தியிருந்த இடத்தில். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு இருமக்கூட இல்லை, நேராகச் சல்யூட் அடித்துவிட்டார்.

பொம்மை வந்தது. மூக்கு என் மூக்கு இல்லை, ஆனால் கை வைத்திருக்கிற தோரணை சரி. கூட்டைப் பிரிக்காதே என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பிறகு பிரித்துவிட்டேன்.

சத்தம் போடாதே, நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. உட்கார வைத்துப் பார்த்தேன், அந்த அங்கி கட்டை மாதிரி நிற்கிறது, முழங்கால் மடங்கவில்லை. என் முழங்கால் தேவலை போலிருந்தது. ரொட்டிக் கத்தியை எடுத்து இடுப்புக்குக் கீழே அங்கியை அறுத்துவிட்டேன். பழைய சமையலறைத் துணியில் ஒரு பாவாடை தைத்துக் கட்டினேன். நீலக் கட்டம் போட்டது, அவளுக்கு நன்றாக இருக்கிறது. இப்போது அடுப்புப் பக்கத்து ஜன்னலில் தீப்பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கிண்ணத்தில் நாலு கசகசாதான் பிடிக்கிறது. தினமும் போடுகிறேன்.

போனிக்கு மனசு ஆறவில்லை. "சும்மா சுவத்துல மாட்டியிருந்தா என்னிக்காவது என்ன விலை போயிருக்கும், வெர்னா" என்று அறுத்த பிளாஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினாள்.

"அந்தக் கூட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு இருந்தா, அவ எப்பச் சாப்பிடறது?" என்றேன்.

நானும் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டாக்டர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கொலாச் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது, எல்லாம் கசகசா வைத்தது. நாளைத் தபாலில் உனக்கும் வரும். ஆனால் இந்தத் தடவை நான் முதலில் சாப்பிட்டுவிட்டு, மீதியைத்தான் அனுப்புவேன்.

உன் அக்கா,
வெர்னா